சிவப்புப் பாவாடை அரிக்காது

திருத்தங்கல் இசைவாணிக்குப் பதினோரு வயது. இந்தப் பதினோரு வயதுக்குள் அவள் உடம்பில் அரைத்துப் பூசிய இலைகளை ஓரிடத்தில் குவித்தால், ஒரு வெள்ளாடு ஒரு வாரம் உட்கார்ந்து சாப்பிடலாம்.

வேப்பிலை பூசியாயிற்று. குப்பைமேனி பூசியாயிற்று. அருகம்புல், கற்றாழை, மஞ்சள் எல்லாம் ஆயிற்று. ஒரு நாள் எலுமிச்சைச் சாறும் ஆயிற்று. அன்று அவள் போட்ட கூச்சலில் தெருமுனைக் கடைக்காரர் தராசை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து பார்த்தார்.

அவளுக்குக் கரப்பான். முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் கழுத்தைச் சுற்றியும் தோல் சிவந்து தடித்து, கோடைக் கரிசல் போல வெடித்திருக்கும். அரிக்கும். சொறிந்தால் ஒரு நிமிடம் சுகம். அடுத்த நிமிடம் எரியும். எரிச்சல் அடங்கியதும் மறுபடி அரிக்கும். ஆஸ்பத்திரிச் சீட்டில் டாக்டர் அதற்கு 'எக்சிமா' என்று எழுதியிருந்தார். பெயர்தான் புதிது. அரிப்பு அதே அரிப்பு.

பள்ளிக்கூடத்தில் அவளைப் பார்க்கிறவர்கள் எல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "இது ஒட்டுமா?"

ஒட்டாது என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துவிட்டது. கடைசியில் ஒரு துண்டுக் காகிதத்தில் 'ஒட்டாது' என்று கொட்டை எழுத்தில் எழுதிப் பென்சில் டப்பாவுக்குள் வைத்துக்கொண்டாள். யாராவது வாயைத் திறந்தால் டப்பாவைத் திறந்து காட்டிவிடுவாள். பக்கத்தில் உட்காரும் சினேகா மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. அவளுக்குக் கணக்குப் பாடத்தில் இசைவாணியின் நோட்டு வேண்டும். ஒட்டினாலும் பரவாயில்லை என்று நினைத்தாளோ என்னவோ.

இசைவாணியை விட அவள் அம்மாவுக்குத்தான் அதிகம் அலுத்துப்போயிருந்தது. அம்மா பாண்டிமீனா ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அடைக்கிற வேலை பார்க்கிறாள். காலை ஏழரைக்கு வேனில் ஏறினால் மாலை ஆறு மணிக்குத்தான் தெருவில் இறங்குவாள். அப்பா முனியராஜ் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் இருக்கிறார். காலண்டர் சீசன் என்பதால் அவர் வீடு திரும்பும்போது இசைவாணி பாதித் தூக்கத்தில் இருப்பாள். ஆக, பகலெல்லாம் நின்ற காலோடு வருகிற அம்மாதான் மகளுக்கு இலை பறித்து, அரைத்து, பூசி, காய வைத்துக் கழுவ வேண்டும். கழுவி முடித்த பிறகும் அரிப்பு அங்கேயேதான் இருக்கும்.

டிசம்பர் மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே அம்மா ஒரு செய்தி சொன்னாள். பொங்கல் முடிந்ததும் டிசி வாங்கி அவளை மல்லாங்கிணற்றில் பொன்மணி சித்தி வீட்டில் விடப்போகிறார்களாம். அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடலாமாம். தலைமை ஆசிரியரிடமும் பேசியாகிவிட்டதாம்.

இசைவாணி சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள்.

"எதுக்கும்மா?"

"கோடை லீவுக்கு அங்கன பதினஞ்சு நாள் இருந்த. மேலெல்லாம் கண்ணாடி மாதிரி ஆயிருச்சுல்ல? இங்கன தண்ணி ஒனக்கு ஒத்துக்கல. நானும் என்னதான் செய்ய, சொல்லு."

சொல்ல என்ன இருக்கிறது? அம்மா சொன்னது உண்மைதான். கோடையில் மல்லாங்கிணற்றில் அவள் ஒரு நாள்கூடச் சொறியவில்லை. சித்தியும் நல்ல சித்திதான். ஆனால் சித்தி வீட்டில் அம்மா இருக்க மாட்டாள். அப்பா இருக்க மாட்டார். பக்கத்திலிருந்து தெரியாமல் நோட்டை எட்டிப் பார்க்கும் சினேகா இருக்க மாட்டாள். உடம்பில் அரிப்பு இல்லாமல் இருக்க, வீடே இல்லாமல் இருக்க வேண்டுமா?

அன்று அவள் சோற்றில் பாதியை வைத்துவிட்டாள். அம்மாவுக்கு அதைக் கண்டிக்கக்கூடத் தெம்பில்லை.

இந்த இலை வைத்தியத்தில் இன்னொருவருக்கும் பங்கு உண்டு. அடுத்த வீட்டு சுப்புலட்சுமி அத்தை. அத்தைக்குத் தெரியாத பச்சிலை கிடையாது என்று அத்தையே சொல்வாள். தீபாவளி சமயத்தில் அவள் ஏதோ மூன்று இலைகளைச் சேர்த்து அரைத்துக் கொடுத்தாள். இசைவாணியைப் பார்த்தால் பாசி பிடித்த படிக்கட்டு மாதிரி இருந்தது. ஆனால் அரிப்பு குறைந்தது. இருபது நாளில் தோல் நன்றாகவே தேறிவிட்டது. அத்தை தெருவெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனாள்.

நவம்பர் கடைசியில் அரிப்பு திரும்பி வந்தது. இலை அதே இலைதான். அத்தையும் அதே அத்தைதான். அத்தை இடுப்பில் கைவைத்து விசாரணை நடத்தினாள்.

"ஏ வாணி, நெசத்தச் சொல்லு. கத்திரிக்கா தின்னியா?"

"இல்லத்த."

"கருவாடு?"

"இல்லத்த."

"அப்பம் மனசுக்குள்ள நெனச்சிருப்ப."

இசைவாணி நினைத்தது உண்மைதான். எண்ணெய்க் கத்திரிக்காயை யார்தான் நினைக்காமல் இருப்பார்கள்?

அந்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். வரிசை நீளம். டாக்டரம்மா முகத்திலும் களைப்பு. ஆனாலும் இசைவாணியின் கையைத் திருப்பித் திருப்பிப் பொறுமையாகப் பார்த்தார். நகத்தை ஒட்ட வெட்டச் சொன்னார். கொதிக்கக் கொதிக்கக் குளிக்க வேண்டாம், நார் போட்டுத் தேய்க்க வேண்டாம், குளித்து ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய் தடவு, பருத்தித் துணி உடுத்து, புண்ணான இடத்துக்கு மட்டும் இந்தக் களிம்பு என்று வரிசையாகச் சொன்னார். இலையை நிறுத்தலாமா என்று இசைவாணி ஆசையோடு கேட்டாள். வெடித்த தோலில் எதையும் அரைத்துப் பூச வேண்டாம் என்றார். இசைவாணிக்கு அந்த இடத்திலேயே பாதி நோய் போய்விட்டது.

எழுந்திருக்கும்போது டாக்டரம்மா ஒன்று சொன்னார்.

"இது மொத்தமா போயிரும்னு நான் சொல்ல மாட்டேன். கொறைக்கலாம். ஒவ்வொருத்தருக்கும் ஏதோ ஒன்னு ஆகாது. ஒனக்கு எது ஆகலைன்னு எனக்குத் தெரியாதும்மா. நீ பாத்துத்தான் சொல்லணும்."

இதுவரை அவள் உடம்பைப் பற்றி எல்லோரும் அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவளையே பார்த்துச் சொல்லச் சொன்னவர் இவர் ஒருவர்தான்.

வீட்டில் ஒரு காலண்டர் தொங்கியது. அப்பா அச்சகத்திலிருந்து கொண்டுவந்தது. படம் தலைகீழாக அச்சாகிவிட்டதால் கழித்துப் போட்ட காலண்டர். அதில் அருவி கீழிருந்து மேலே போகும். தேதிக் கட்டங்கள் மட்டும் நேராக இருந்தன. இசைவாணி அந்தக் கட்டங்களில் பென்சிலால் குறி போட ஆரம்பித்தாள். அரிப்பு அதிகமென்றால் இரண்டு பெருக்கல் குறி. கொஞ்சமென்றால் ஒன்று. அரிப்பே இல்லையென்றால் ஒரு வட்டம். ஓரத்தில் பொடி எழுத்தில் அன்று சாப்பிட்டதையும் உடுத்தியதையும் எழுதினாள்.

முதல் வாரம் பெருக்கல், பெருக்கல், ஒரு வட்டம், மறுபடி பெருக்கல். இரண்டாவது வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் காலண்டர் முன்னால் நின்று பார்த்தபோது, மூன்று வட்டங்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக நேர்க்கோட்டில் இருந்தன. மூன்றும் புதன்கிழமை.

புதன்கிழமைக்கும் தோலுக்கும் என்ன சம்பந்தம்? புதன்கிழமை கணக்குப் பீரியட் கிடையாது. கணக்குதான் தனக்கு ஒத்துக்கொள்ளவில்லையோ என்று இசைவாணிக்கு ஒரு நல்ல சந்தேகம் வந்தது. சினேகாவிடம் சொன்னாள். சினேகா தனக்கும் அதே நோய்தான் என்றாள்.

பிறகுதான் ஓரத்துப் பொடி எழுத்தைப் படித்தாள். புதன்கிழமை அவர்கள் பள்ளிக்கூடத்தில் சீருடை வேண்டாம். கலர் துணி போடலாம். மூன்று புதன்கிழமையும் அவள் போட்டது ஒரே துணி. தீபாவளிக்கு எடுத்த சிவப்புப் பாவாடையும் அதே துணியில் தைத்த சட்டையும்.

சரி, சோதித்துப் பார்த்துவிடலாம் என்று சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்தச் சிவப்புத் துணியையே உடுத்தினாள். ஒரு நாள் உடுத்தி, அலசிக் காயப்போட்டு, மறுநாளும் அதையே உடுத்தினாள். இரண்டு நாளும் வட்டம்.

சீருடையும் பருத்திதான். சிவப்புத் துணியும் பருத்திதான். ஒன்று அரிக்கிறது, ஒன்று அரிக்கவில்லை. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். சிவப்புத் துணிக்குச் சாயம் போகும். தீபாவளிக்கு மறுநாள் அது அப்பாவின் வெள்ளை வேட்டியோடு சேர்ந்து ஊறியதில் வேட்டி ரோஸ் நிறத்துக்கு வந்துவிட்டது. அப்பா அதை ஒரு மாதம் வீட்டுக்குள்ளேயே கட்டிக்கொண்டு திரிந்தார். அன்றிலிருந்து சிவப்புத் துணியை மட்டும் தனியாக, நல்ல தண்ணீரில் அலசுவது என்று அம்மா சட்டம் போட்டுவிட்டாள்.

அப்படியானால் மற்ற துணியெல்லாம் எந்தத் தண்ணீரில் அலசப்படுகிறது?

திங்கள்கிழமை மாலை, கொல்லையில் துவைகல்லுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து அதையே கவனித்தாள். பார்த்துப் பழகிய வேலைதான். ஆனால் இன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

அம்மா வேனிலிருந்து இறங்கியதும் வீட்டுக்குள் வரமாட்டாள். பக்கவாட்டுச் சந்து வழியாக நேரே கொல்லைக்குத்தான் போவாள். சேலைக்கு மேல் போட்டிருக்கும் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையையும் கம்பெனிச் சேலையையும் உடனே சோப்புத் தண்ணீர் வாளியில் முக்கிவிடுவாள். மருந்து படிந்த துணி அடுப்பங்கரைப் பக்கம் போகக் கூடாது, காய்ந்தும் கிடக்கக் கூடாது. அந்தத் தெருவில் கம்பெனிக்குப் போகிற எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். கம்பெனித் துணிக்குத்தான் முதல் தண்ணீர்.

அதன் பிறகு? குழாயில் எட்டு நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர் வருகிறது. ஆகையால் அதே சோப்புத் தண்ணீரில்தான் அப்பாவின் சட்டை. அதே தண்ணீரில்தான் இசைவாணியின் சீருடை. அலசுவதும் ஒரே அண்டாவில்தான். முதலில் கம்பெனித் துணி, கடைசியில் சீருடை.

வாளித் தண்ணீர் சாம்பல் நிறத்தில் இருந்தது. அதன் மேல் சன்னமாக ஏதோ மினுமினுத்தது.

மறுநாள் காலை கொடியில் காய்ந்த சீருடையை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தாள். காலர் மடிப்பைப் பிரித்தாள். அதே மருந்துத் தூளின் மினுமினுப்பு அங்கே உட்கார்ந்திருந்தது. விரலால் தடவினால் விரலிலும் ஒட்டியது.

இசைவாணி நின்றபடியே எல்லாவற்றையும் கோத்துப் பார்த்தாள். மல்லாங்கிணற்றில் சித்தியும் சித்தப்பாவும் காட்டு வேலை செய்கிறவர்கள். அங்கே கம்பெனித் துணி கிடையாது. சரி. தீபாவளி முடிந்து இருபது நாள் அம்மாவுக்குக் கம்பெனி லீவு. அப்போதும் வாளியில் கம்பெனித் துணி கிடையாது. இதே வீடு, இதே குழாய்த் தண்ணீர். அந்த இருபது நாளில்தான் அரிப்பு குறைந்துபோனது. கம்பெனி திறந்தது. அரிப்பும் வந்தது.

அப்படியானால் ஊர்த் தண்ணீர் மேல் குற்றமில்லை. கத்திரிக்காய் மேலும் குற்றமில்லை.

கண்டுபிடித்த சந்தோஷம் அரை நிமிடம்தான் இருந்தது. அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது? 'உன் துணியிலிருந்துதான் எனக்கு அரிக்கிறது' என்று சொல்வதா? பகலெல்லாம் வேலை பார்த்து, வந்தும் துவைத்து, தனக்கு எண்ணெயும் தடவிவிடுகிற அம்மாவிடமா? சொல்லாமலே சரிசெய்துவிட வேண்டும் என்று முடிவு செய்தாள்.

அன்று மாலை அம்மா குளித்துக்கொண்டிருந்தபோது, வாளியிலிருந்து தன் சீருடையை உருவி எடுத்தாள். தொட்டியிலிருந்து மூன்று வாளி நல்ல தண்ணீரை மொண்டு, அலசு அலசு என்று அலசினாள். கழுவிய தண்ணீர் கொல்லையில் ஓடிப் பக்கத்து வீட்டு முருங்கை வரைக்கும் போனது.

அம்மா வெளியே வந்து தொட்டியை எட்டிப் பார்த்தாள். பிறகு ஓடுகிற தண்ணீரைப் பார்த்தாள்.

"ஏ புள்ள, என்ன காரியம் செஞ்ச? வியாழக்கெழமதான தண்ணி வரும்? அம்புட்டையும் கொட்டிட்டியே."

அம்மா சத்தமாகக்கூடத் திட்டவில்லை. வெறும் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். அதுதான் இசைவாணிக்கு அதிகம் வலித்தது. அடுத்த இரண்டு நாளும் சுப்புலட்சுமி அத்தை வீட்டில் குடம் குடமாகக் கடன் வாங்கினார்கள். குடத்துக்கு ஒரு தடவை அத்தை கத்திரிக்காயைப் பற்றி விசாரித்தாள்.

நல்ல தண்ணீர் இல்லாமல் நல்லது நடக்காது. கம்பெனித் துணி காத்திருக்கவும் கூடாது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? பள்ளிக்கூடத்திலிருந்து நடந்து வரும்போதெல்லாம் இதே யோசனை. சினேகா ஏதோ கேட்டதற்கு "சீருடை" என்று பதில் சொன்னாள். கேட்டது பரீட்சைத் தேதி.

வியாழக்கிழமை குழாயில் தண்ணீர் பிடித்து ஊற்றிக்கொண்டிருந்தபோதுதான் அது தோன்றியது. கம்பெனித் துணி முதலில் நனைய வேண்டும் என்பது அம்மா வந்த பிறகுதானே? அம்மா ஆறு மணிக்கு வருகிறாள். நாம் நாலரைக்கே வந்துவிடுகிறோமே!

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் சீருடையைக் கழற்றிவிட்டுச் சிவப்புப் பாவாடையை உடுத்தினாள். ஒரு வாளியில் கொஞ்சமாகச் சோப்புக் கரைத்தாள். தன் துணியை மட்டும் துவைத்தாள். அண்டாவில் அலசினாள். கொடியில் போட்டாள். தண்ணீரை ஒரு சொட்டும் கீழே ஊற்றவில்லை. சோப்புத் தண்ணீர் வாளியையும் அலசிய அண்டாவையும் அப்படியே சந்து முடிகிற இடத்துக்கு இழுத்துக்கொண்டுபோய் வைத்தாள்.

ஆறு மணிக்கு அம்மா வந்தாள். சோப்பு கரைத்த தண்ணீர் தயாராக நின்றது. கம்பெனித் துணியை அதில் முக்கினாள். வாளியைத் தூக்கிவரும் வேலை மிச்சம். மகளுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்தாளே தவிர, எதையும் கேட்கவில்லை. கேட்கவும் தெம்பு வேண்டுமே.

ஒரு வாளி, ஓர் அண்டா. தண்ணீர் அதே அளவு. யார் முதலில், யார் பின்னால் என்பது மட்டும்தான் மாறியது.

தினமும் இப்படியே நடந்தது. வீட்டில் உடுத்துகிற துணி, தலையணை உறை, துண்டு எல்லாவற்றையும் இசைவாணி ஒவ்வொன்றாக நாலரை மணித் தண்ணீருக்கு மாற்றினாள். டாக்டரம்மா சொன்னபடி நகத்தை ஒட்ட வெட்டினாள். வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்து, ஈரத்தோடு எண்ணெய் தடவினாள். கை எட்டாத முதுகுக்கு மட்டும் அம்மா.

காலண்டரில் இரண்டு பெருக்கல் ஒன்றானது. ஒன்று சில நாள் வட்டமானது. ஒரு நாள் குளிருக்குக் கம்பளிச் சட்டை போட்டுவிட்டு மறுபடி இரண்டு பெருக்கல் போட வேண்டியிருந்தது. அதை ஓரத்தில் எழுதிவைத்தாள். கம்பளி ஆகாது. இதுவும் ஒரு செய்திதானே.

புது வருடம் பிறந்து ஒரு வாரம் கழித்து, சுப்புலட்சுமி அத்தை சுவர் வழியாக எட்டிப் பார்த்தாள். இசைவாணியின் கையைப் பிடித்து இழுத்து முழங்கை மடிப்பைப் பார்த்தாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா? தீவாளிக்கு நான் போட்ட பச்சில இப்பத்தான் உள்ளுக்குள்ள எறங்கி வேலை செய்யிது. எம்மருந்து அப்பிடித்தான், மெதுவாப் பேசும்."

இசைவாணி ஒரு கணம் யோசித்தாள். இரண்டு நாள் முகம் சுளிக்காமல் குடம் குடமாகத் தண்ணீர் கொடுத்த அத்தை. "ஆமாத்த" என்றாள். அத்தை அன்று முழுக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே வேலை செய்தாள்.

அத்தை சொன்னது அம்மா காதிலும் விழுந்தது. பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, விடுமுறை நாளில், அம்மா மகளை வெளிச்சத்தில் நிறுத்திக் கழுத்தைப் பார்த்தாள். காலைத் திருப்பிப் பார்த்தாள். தழும்பு இருந்தது. புதுப் புண் இல்லை.

"எல இப்பம் பூசுறதே இல்லியே. பெறகு எப்பிடி? நெசத்தச் சொல்லு. தெனமும் எனக்குத் தண்ணி எடுத்து வைக்கியே, அது எதுக்கு?"

இனி மறைக்க முடியாது. இசைவாணி தலைகீழ் அருவிக் காலண்டரைக் கழற்றிக் கொண்டுவந்தாள். புதன்கிழமை வட்டங்களைக் காட்டினாள். சிவப்புத் துணியைச் சொன்னாள். தீபாவளி லீவைச் சொன்னாள். காலர் மடிப்பைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. கம்பெனித் துணி என்ற சொல்லைத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அம்மா தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். எவ்வளவு தேய்த்தாலும் போகாத சாம்பல் நிறம் நகக்கண்ணில் இருந்தது.

"அப்பம் இம்புட்டு நாளும் ஒன்னயச் சொறிய வச்சது நாந்தானா வாணி?"

"நீ இல்லம்மா. நம்ம தொவச்ச வரிசை. அதத்தான் மாத்தியாச்சே."

அம்மா மகளின் முழங்கை மடிப்பைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "அன்னைக்குத் தண்ணியக் கொட்டுனதுக்கு ஒன்னய வஞ்சிட்டேனே" என்றாள்.

"ஆமா. வெந்நி வைக்கும்போது இன்னொரு தடவயும் வஞ்ச."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அந்தக் காலண்டரை வாங்கி, முதல் பெருக்கலிலிருந்து கடைசி வட்டம் வரை ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். பார்த்து முடித்ததும் போனை எடுத்தாள்.

மல்லாங்கிணற்றில் சித்தி எல்லா ஏற்பாடும் செய்து வைத்திருந்தாள். பீரோவில் ஒரு தட்டைக்கூட ஒழித்துவிட்டாளாம். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னாள்:

"இல்ல பொன்மணி, அவ அங்கன வரல. கோடை லீவுக்கு வருவா, விருந்தாளியா. பள்ளிக்கூடம் இங்கனதான்."

இசைவாணி வாசலுக்கு ஓடிப்போய், யாரும் பார்க்காத இடமாகப் பார்த்து இரண்டு தடவை குதித்தாள்.

பொங்கல் முடிந்து கம்பெனி திறந்த அன்று, அம்மா கொல்லையிலேயே குளித்து, தலைமுடியையும் அலசி, வேறு சேலை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் வந்தாள். தலையை அலசுவது அவளாகச் சேர்த்துக்கொண்டது. மகள் குளித்துவிட்டு ஈரத்தோடு வந்து முன்னால் உட்கார்ந்தாள். அம்மா உள்ளங்கையில் தேங்காய் எண்ணெயை ஊற்றி, கழுத்திலிருந்து மெதுவாகத் தடவிக்கொண்டு வந்தாள். அன்று கம்பெனியில் புது ஆர்டராம். லோடு அதிகமாம். யார் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பாதிப் பேச்சில் இருந்தாள்.

பேச்சு நின்றது. கையும் தோள்பட்டையில் நின்றது.

இசைவாணி மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். அம்மா உட்கார்ந்தபடியே, சுவரில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போயிருந்தாள். அடுப்பில் இன்னும் உலைகூட வைக்கவில்லை.

எழுந்தால் அம்மா விழித்துவிடுவாள். ஆகவே இசைவாணி அசையவில்லை. தோளில் அம்மாவின் கையோடு, கால் மரத்துப்போகும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு நேரம் அசையாமல் உட்கார அவளால் முடிந்தது.